செல்லாக்காசும் செல்லும் சொல்லும்: பிரிட்டனின் பழஞ்சொற்களுக்கு ஓர் அறிமுகம்

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 15, திங்கட்கிழமை. அன்றுதான் பிரிட்டன் தன் காசுக் கணக்கை மாற்றிக்கொண்டது. அதுவரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அன்று முதல் 100 பென்னி ஒரு பவுண்ட் என்று ஆனது. கணக்கு எளிதானது. பழைய நாணயங்கள் ஒவ்வொன்றாகச் செல்லாக்காசு ஆயின. ஆனால் மக்கள் அவற்றுக்கு வைத்திருந்த செல்லப்பெயர்களைச் செல்லாது என்று அறிவிக்க எந்த அரசாலும் முடியவில்லை.

ஷில்லிங்குக்கு 'பாப்' என்று பெயர். ஆறு பென்னி நாணயம் 'டானர்'. வசதியான ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், 'அவரிடம் ஒன்றிரண்டு பாப் இருக்கிறது' என்று சொல்லும் பிரிட்டிஷ்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்பத்தகாத ஆளை 'ஒன்பது பாப் நோட்டு' என்பார்கள். பத்து ஷில்லிங் நோட்டு புழக்கத்தில் இருந்தது. ஒன்பது ஷில்லிங் நோட்டு என்று ஒன்று அச்சடிக்கப்பட்டதே இல்லை. ஆளே போலி என்பதை இவ்வளவு நறுக்கென்று சொல்ல வேறு தொடர் கிடைப்பது கடினம்.

தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 1957இல் நயா பைசா வந்ததும் அணாக் கணக்கு ஒழிந்தது. ஆனாலும் 25 பைசா நாணயம் தன் கடைசிக் காலம் வரை நாலணாவாகவே வாழ்ந்தது. காலணாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட 'காலணா பெறாத பேச்சு' என்று தூக்கி எறிகிறார்கள். நாம் அணாவை விடாததுபோல அவர்கள் பாப்பை விடவில்லை.

இப்படிக் காலம் கடந்தும் நாவை விட்டு அகலாத பிரிட்டிஷ் ஆங்கிலச் சொற்கள் ஏராளம். அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள், பேச்சில் வேண்டுமென்றே புழங்குபவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்று அவற்றின்மேல் பாசம் வைத்தவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்தப் பாசம் எப்படிப்பட்டது, எந்தச் சொற்கள்மீது விழுகிறது என்று தெரிந்துகொண்டால் ஆங்கிலம் கற்கும் நமக்கு ஒரு புதிய வாசல் திறக்கும்.

கிழடாவது வேறு, சாவது வேறு

பழைய சொல் என்று நாம் பொதுவாகச் சொல்வதை அகராதிக்காரர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, முற்றிலும் வழக்கொழிந்தது. இன்று யாருக்கும் புரியாது; பழைய ஏட்டில் மட்டும் கிடக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அத்தகைய சொல்லின் முன்னால் ஒரு சிறிய குத்துவாள் குறியைப் போட்டு வைக்கிறது. சொல்லை நீக்குவதில்லை. ஒருமுறை உள்ளே வந்த சொல்லுக்கு அங்கே நிரந்தர இடம் உண்டு.

இரண்டாவது வகை தொல்வழக்கு. பழைய பைபிளிலும் திருமண உறுதிமொழியிலும் கவிதையிலும் வரும் 'தௌ', 'தீ' போன்ற முன்னிலைச் சொற்கள் இதில் சேரும். படித்தால் புரியும், கடையில் நின்று பேசினால் ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வகைதான் நம் கதாநாயகன். பழைய பாணிச் சொல். எல்லோருக்கும் புரியும், சிலர் இன்றும் பேசுகிறார்கள், ஆனால் சொன்ன மாத்திரத்தில் சொன்னவரின் வயதையோ வளர்ப்பையோ காட்டிக்கொடுத்துவிடும். ரேடியோவை 'வயர்லெஸ்' என்பது, குடையை 'ப்ராலி' என்பது, காலை பதினோரு மணித் தேநீரையும் பிஸ்கட்டையும் 'இலவென்ஸஸ்' என்பது, சினிமாவுக்குப் போவதை 'பிக்சர்ஸுக்கு' என்பது எல்லாம் இந்த ரகம்.

ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு சொற்கள் எப்படி இரு வேறு விதியை அடைகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பழைய ஆங்கிலேயர் நாட்களை இரவுகளால் எண்ணினார்கள். பதினான்கு இரவு என்பது சுருங்கி 'ஃபார்ட்நைட்' ஆனது; ஏழு இரவு என்பது சுருங்கி 'சென்னைட்' ஆனது. முதலாவது பிரிட்டனில் இன்றைக்கும் அன்றாடச் சொல். இரண்டாவது ஏடுகளோடு நின்றுவிட்டது. ஒரு வாரத்தைச் சொல்ல 'வீக்' என்ற சொல் கைவசம் இருந்தது. இரண்டு வாரத்தைச் சொல்ல வேறு தனிச்சொல் இல்லை. வேலை இருக்கும் சொல் பிழைத்துக்கொள்கிறது.

வேலை போன பிறகும் சில சொற்கள் நிற்கின்றன என்பதுதான் வியப்பு. பாசம் அவற்றின்மீதுதான் அதிகம் விழுகிறது. இதற்குக் காரணம் காது என்று நான் நினைக்கிறேன். தொல்வழக்கை நாம் படித்து அறிகிறோம். பழைய பாணிச் சொல்லை யாரோ ஒருவர் வாயால் கேட்டு அறிகிறோம். பாட்டியோ தாத்தாவோ பள்ளி ஆசிரியரோ சொல்லிக் கேட்ட சொல்லில் அவர்களுடைய குரலும் சேர்ந்தே இருக்கிறது. அகராதியில் அதைப் பார்த்தால்கூட அந்தக் குரலில்தான் கேட்கும்.

ஒரு பென்னி செலவழித்த கதை

'ஸ்பெண்ட் எ பென்னி'. ஒரு பென்னியைச் செலவழித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பிரிட்டிஷ் மூதாட்டி எழுந்தால், அவர் கடைக்குப் போகவில்லை, கழிப்பறைக்குப் போகிறார்.

இதன் கதை 1851இல் தொடங்குகிறது. லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய பிரம்மாண்டமான மண்டபத்தில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய்ப்பணிப் பொறியாளர் அங்கே பொதுமக்களுக்குக் கழிப்பறைகள் அமைத்தார். நீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறையை முதன்முதலாக அங்கேதான் பார்த்தவர்கள் பலர். கட்டணம் ஒரு பென்னி. கண்காட்சி முடிந்தபோது கணக்கெடுத்தார்கள்: 8,27,280 பேர் காசு கொடுத்திருந்தார்கள்.

பின்னாளில் இந்த வசதி ஊர்தோறும் பரவியது. கதவிலேயே ஒரு பித்தளைப் பூட்டு இருக்கும். அதன் பிளவில் ஒரு பென்னியைப் போட்டால்தான் தாழ்ப்பாள் நகரும். பழைய பென்னி பெரிய வெண்கலக்காசு, உள்ளங்கையில் கனக்கும். ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்கும் இடம் பெரும்பாலும் இலவசம். பெண்களுக்குக் கதவுள்ள அறைதான், ஆகவே ஒவ்வொரு தடவையும் காசு. கைப்பையில் ஒரு பென்னியாவது சில்லறையாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் பெண்களுக்குத்தான் இருந்தது. இந்தத் தொடரைப் பெண்களே அதிகம் சொல்லிவந்ததற்கும் அதுவே காரணம். இடக்கரடக்கல் என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அது இதுதான். ஆனால் இந்த இடக்கரடக்கலுக்குள் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது. யார் காசு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதை அந்தப் பூட்டு சொல்லிவிடுகிறது.

பிறகு கட்டணம் ஏறியது. லண்டனின் பெரிய ரயில் நிலையங்களில் 50 பென்ஸ் வரை போனது. 2019 ஏப்ரலில் நெட்வொர்க் ரயில் நிறுவனம் தன் நேரடி நிர்வாகத்தில் உள்ள நிலையங்களில் கழிப்பறைக் கட்டணத்தை எடுத்தேவிட்டது. அங்கே இப்போது பென்னியும் வேண்டாம், பூட்டும் இல்லை. தொடர் மட்டும் வயதானவர்களின் பேச்சில் பத்திரமாக இருக்கிறது.

பாதியை விழுங்கும் மொழி

பிரிட்டிஷ் பழஞ்சொற்களில் மிகுந்த உழைப்பு உள்ளவை கிழக்கு லண்டனின் எதுகைக் கொச்சை என்பேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெருவில் கூவி விற்கும் வியாபாரிகளிடையே அது வளர்ந்தது. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சை அகராதியிலேயே அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது.

அதன் செய்முறை எளிது. சொல்ல வேண்டிய சொல்லுக்கு ஓசை ஒத்துவரும் ஒரு தொடரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலைக்கு ஆங்கிலத்தில் 'ஹெட்'. அதோடு ஓசை ஒத்துவருவது 'ப்ரெட்'. எனவே தலை என்பதற்குப் பதில் 'லோஃப் ஆஃப் ப்ரெட்', ஒரு முழு ரொட்டி. அடுத்தது இன்னும் சுவையானது: ஓசை ஒத்துவரும் அந்தக் கடைசிச் சொல்லையே விழுங்கிவிடுவார்கள். மிஞ்சுவது 'லோஃப்' மட்டும். 'உன் லோஃபைப் பயன்படுத்து' என்றால் மூளையைப் பயன்படுத்து என்று பொருள். தொடர்பைக் காட்டும் சொல்லையே அழித்துவிட்டதால் வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது.

'லுக்' என்பதற்கு 'புச்சர்ஸ் ஹுக்', கசாப்புக்கடைக் கொக்கி. சுருங்கி 'ஒரு புச்சர்ஸ் பார்'. பொய்க்கு 'லைஸ்', அதற்குப் 'போர்க் பைஸ்', அதிலிருந்து 'போர்க்கீஸ்'. முடிக்கு 'ஹேர்', அதற்கு லண்டனின் வடக்கே நடந்த குதிரைச் சந்தையின் பெயரான 'பார்னெட் ஃபேர்', அதிலிருந்து 'பார்னெட்'. 'ஆன் யுவர் டாட்' என்றால் தன்னந்தனியாக. டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரையோட்டி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துப் பந்தயங்களில் பெரும் புகழோடு இருந்தார். 'ஓன்' என்பதற்கு 'ஸ்லோன்' ஒத்துவந்தது. ஸ்லோன் யாரென்று இன்று பிரிட்டனில் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லும்போது மட்டும் அவர் பெயரின் முதல் பாதி வந்துவிடும்.

நாக்கை நீட்டிப் பழிப்புச் சத்தம் எழுப்புவதை 'ராஸ்ப்பெரி ஊதுவது' என்பார்கள். மரியாதையான குடும்பங்களில் குழந்தைகளுக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். அதன் முழு வடிவம் 'ராஸ்ப்பெரி டார்ட்'. 'டார்ட்' என்பது எதற்கு எதுகை என்று தெரிந்தால் பல பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். வயிற்றிலிருந்து காற்றுப் பிரிவதற்கான கொச்சைச் சொல் அது. பாதியை விழுங்கியதால் அசிங்கமும் கரைந்துபோயிற்று.

கடவுள் பெயரைச் சொல்ல அஞ்சியும் இப்படி மறைத்திருக்கிறார்கள். 1606இல் வந்த சட்டம், நாடக மேடையில் கடவுளின் பெயரை வீணாகச் சொன்னால் பத்து பவுண்ட் அபராதம் என்றது. அன்றைக்கு அது பெரும் தொகை. கடவுள்மேல் ஆணையாக என்று சத்தியம் செய்யும் சொற்களை உருமாற்றிக்கொள்ளும் வழக்கம் மேடைக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தது. 'ஸூண்ட்ஸ்' என்பது 'கடவுளின் காயங்கள்'. 'கார் ப்ளைமி' என்று வியப்பவர், 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்கிறார், தெரியாமலே.

ஓசைக்காகவே பிழைத்தவை தனிக்கூட்டம். 'ஹிகில்டி பிகில்டி' என்றால் தாறுமாறாக. 'ஷில்லி ஷாலி' என்றால் முடிவெடுக்காமல் இழுத்தடிப்பது. 'ஷால் ஐ, ஷால் ஐ' என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வதிலிருந்து பிறந்தது. இவற்றை விளக்குவதைவிட வாய்விட்டுச் சொல்லிப்பார்ப்பது நல்லது.

தேவ்லாலியில் காத்திருந்தவர்கள்

பழைய பிரிட்டிஷ் பேச்சில் ஒரு பெரிய பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பட்டாளத்துச் சிப்பாய்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுபோன சொற்கள் அவை. 'டெக்கோ' என்றால் ஒரு பார்வை. 'தேகோ' என்ற இந்துஸ்தானிச் சொல். இந்துஸ்தானியின் 'குஷி'யிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'குஷி ஜாப்' என்றால் அலுங்காத வேலை. 'ப்ளைட்டி' என்றால் இங்கிலாந்து. 'விலாயத்' என்பதன் சிதைவு. நம் பாட்டிகள் 'சீமை' என்றார்களே, அதேதான். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் 'ப்ளைட்டி காயம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். உயிர் போகாது, ஆனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியொரு காயத்துக்காக ஏங்கியவர்கள் இருந்தார்கள் என்பதே அந்தப் போர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும்.

இவற்றில் என்னை மிகவும் பாதிப்பது 'டூலாலி'. புத்தி பேதலித்தவரை, கொஞ்சம் கழன்றவரை அப்படிச் சொல்வார்கள். மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே உள்ள தேவ்லாலிதான் அந்த டூலாலி. 1861இல் அங்கே பிரிட்டிஷ் ராணுவம் ஒரு தங்கல் முகாம் அமைத்தது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் அங்கே வந்து கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். துருப்புக் கப்பல்கள் குளிர்கால மாதங்களில்தான் ஓடும். தவறான பருவத்தில் வந்து சேர்ந்தவர் மாதக்கணக்கில் வெயிலில் கிடக்க வேண்டியதுதான். பயிற்சி இல்லை, வேலை இல்லை, மலேரியா உண்டு, மது உண்டு. வீடு போகும் நாள் மட்டும் வரவில்லை. 'டூலாலி டாப்' என்பது முழு வடிவம். 'தப்' என்றால் காய்ச்சல். இன்று பிரிட்டனில் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டு 'எனக்கு டூலாலி' என்று சிரிக்கும்போது, அதன் அடியில் அந்த மனிதர்களின் காத்திருப்பு இருக்கிறது.

இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியில் திரட்டினார்கள் ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னலும். பர்னல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அகராதி அச்சில் வருவதற்கு முன்பே, 1882இல் இறந்துவிட்டார். நம் சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' சூப் ஆனதும் அதில் பதிவாகியிருக்கின்றன.

கோலி சோடாவும் கட்டுக்கதையும்

பாசம் வைத்தால் கதை கட்டத் தோன்றும். பழஞ்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்புக்கதை உலவுகிறது. அவற்றில் பல இட்டுக்கட்டியவை. தொடக்கநிலை வாசகர் முதலில் பழக வேண்டியது இந்தக் கதைகளை ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான்.

'காட்ஸ்வாலப்' என்றால் சுத்தப் பிதற்றல். அதற்கு ஊரெல்லாம் சொல்லும் கதை இது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் ஒரு சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். கழுத்தை இடுக்கி, அதற்குள் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டை விட்டு, வாயின் உட்புறம் ரப்பர் வளையம் வைத்திருப்பார். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்பினால், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே குண்டை ரப்பரோடு அழுத்தி மூடிவிடும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் 'புஸ்' என்று குண்டு கீழே விழும். ஆம், நம் ஊர்ப் பெட்டிக்கடைகளின் கோலி சோடாவேதான். 'வாலப்' என்பது பீருக்கான கொச்சைச் சொல். காட் பாட்டிலில் வருவது பீர்கூட இல்லை, வெறும் சோடா. எனவே பீர் குடிப்பவர்கள் அதைக் 'காட்ஸ் வாலப்' என்று இளப்பமாகச் சொன்னார்கள் என்பது கதை.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் அச்சில் தலைகாட்டுவது 1950களில்தான். 'வாலப்' பீரைக் குறிக்கத் தொடங்கியதே 20ஆம் நூற்றாண்டில். எழுபது எண்பது ஆண்டுகள் ஒரு சொல் ஊரெல்லாம் பேசப்பட்டும் ஒரு நாளிதழில், ஒரு கடிதத்தில், ஒரு நாடகத்தில்கூடப் பதிவாகாமல் இருக்குமா? கோலி சோடா உண்மை, காட் உண்மை, கதை மட்டும் பொய்.

'பாப்ஸ் யுவர் அங்கிள்' என்ற தொடருக்கும் இதே கதிதான். 'அவ்வளவுதான், வேலை முடிந்தது' என்று பொருள். 1887இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு தன் சகோதரியின் மகன் ஆர்தர் பால்ஃபோரை அயர்லாந்து விவகாரங்களுக்கான தலைமைச் செயலர் ஆக்கினார். சாலிஸ்பரியின் இயற்பெயர் ராபர்ட், சுருக்கமாகப் பாப். மாமா பாப் இருந்தால் கவலை எதற்கு என்று மக்கள் பேசியதாகக் கதை. தொடர் பதிவாவதோ 1920களில்தான்.

ஆண்டுகளைக் கண்டுபிடித்துத் தந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது; முழுமை பெற்றது 1928இல். ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டார்: படிக்கும் நூலில் கண்ட சொல்லை, அது வந்த வாக்கியத்தோடும் ஆண்டோடும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. ஊதியம் இல்லாமல் ஏராளமானவர்கள் லட்சக்கணக்கான சீட்டுகளை அனுப்பினார்கள். சொற்கள்மீது வைத்த அன்பை உழைப்பாக மாற்றியவர்கள் அவர்கள். அந்த வேலை இன்றும் தொடர்கிறது; 2005இல் அகராதியும் பிபிசியும் சேர்ந்து, சில சொற்களின் இன்னும் பழைய பதிவுகளைத் தேடித்தருமாறு மக்களை மீண்டும் கேட்டன.

பாசத்தின் மறுபக்கம்

எல்லாப் பழஞ்சொல்லும் தேநீர்போல இதமானது அல்ல. 'ஸ்வீட் ஃபானி ஆடம்ஸ்' என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள். ஃபானி ஆடம்ஸ் எட்டு வயதுச் சிறுமி. 1867இல் ஹாம்ப்ஷயரின் ஆல்ட்டன் ஊரில் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். அக்காலத்தில் கடற்படையினருக்குத் தகரத்தில் அடைத்த ஆட்டிறைச்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அது பிடிக்காத மாலுமிகள் அந்தச் சிறுமியின் பெயரையே இறைச்சிக்குச் சூட்டினார்கள். அங்கிருந்து அது 'உப்புச்சப்பில்லாதது' ஆகி, பிறகு 'ஒன்றுமில்லாதது' ஆனது. இதை அறிந்த பிறகு அந்தத் தொடரை என்னால் விளையாட்டாகச் சொல்ல முடிவதில்லை.

வர்க்கமும் இதற்குள் இருக்கிறது. 1954இல் ஆலன் ராஸ் என்ற பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மொழியியலாளர், மேல்தட்டு ஆங்கிலேயரை அவர்களுடைய சொற்களை வைத்தே அடையாளம் காணலாம் என்று எழுதினார். அவர்கள் பழைய 'வயர்லெஸ்', 'லுக்கிங் கிளாஸ்' என்ற சொற்களை விடமாட்டார்கள். மேலே வர விரும்பும் நடுத்தர வர்க்கம் 'ரேடியோ', 'மிரர்' என்ற புதிய சொற்களைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு இதைப் பொதுவாசகர்களிடம் கொண்டுபோனார். தாங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தங்களைக் காட்டிக்கொடுக்குமோ என்று ஒரு நாடே பதறியது. 'கைத்துண்டு' என்பதற்கு எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று பார்த்து மனிதரை எடைபோடுவது கொடுமை. பழஞ்சொல்மீதான விருப்பம் அந்தத் திசையில் போனால் அதை நான் பாசம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, நடக்காத கடந்தகாலத்தின்மீது வரும் ஏக்கம். 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்ற சிவப்புச் சுவரொட்டியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. போர்க்காலப் பிரிட்டன் முழுவதும் இதைப் பார்த்துத்தான் தைரியம் கொண்டது என்று பலர் நம்புகிறார்கள். 1939இல் ஏறத்தாழ 25 லட்சம் படிகள் அச்சடித்தது உண்மை. ஆனால் அவை அநேகமாக ஒட்டப்படவே இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆல்னிக் நகரில் பழைய ரயில் நிலையத்தில் இயங்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடையில், வாங்கிய ஒரு பெட்டியின் அடியில் ஒரு படி கிடைத்தது. கடைக்காரர்கள் அதைச் சட்டம்போட்டு மாட்டிய பிறகுதான் உலகம் அதைக் கண்டது.

உண்மையான போர்க்காலப் பேச்சு இதைவிட நெஞ்சைத் தொடும். விமானப்படையில் தோழன் திரும்பி வராவிட்டால், 'அவன் பர்ட்டனுக்குப் போயிருக்கிறான்' என்பார்கள். பர்ட்டன் என்பது பீருக்குப் பேர்பெற்ற ஊர். ஒரு கோப்பை குடிக்க வெளியே போயிருக்கிறான் என்பது பலரும் தரும் விளக்கம். இருபது வயதுப் பையன்கள் மரணத்தைப் பெயர் சொல்லாமல் பேசிய விதம் அது. அன்றைய ராணி எலிசபெத், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி, 1941இல் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு எழுதிய கடிதத்தை 'டிங்கட்டி டாங்க், ஓல்ட் ஃப்ரூட், நாஜிகள் ஒழிக' என்று முடித்தார். 'டிங்கட்டி டாங்க்' அப்போதே பழைய பாணிதான். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அந்தக் குழந்தைத்தனமான விடைபெறும் சொல்லை எழுதியதில் ஒரு நிமிர்வு இருக்கிறது.

அங்கே மறந்தது, இங்கே வாழ்வது

சில பழைய பிரிட்டிஷ் சொற்களைத் தேட லண்டனுக்குப் போக வேண்டாம். திருச்சியிலோ சேலத்திலோ உள்ள பஞ்சர் கடைக்குப் போனால் போதும். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் நடுவழியில் டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். வேல்ஸில் லனெத்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால்கள் இல்லாத வெறும் வட்டச் சட்டத்தில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தோடு பக்கவாட்டில் அதைக் கவ்வவைத்து வண்டியை ஓட்டலாம். அதற்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். கார்களோடு மாற்றுச் சக்கரமும் சேர்ந்தே வரத் தொடங்கியதும் பிரிட்டனில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. நம் லாரி ஓட்டுநர்கள் இன்றும் ஸ்டெப்னி என்றுதான் சொல்கிறார்கள். மால்டாவிலும் அதே பெயர்; பிரேசிலில் 'எஸ்டெப்பி'.

காரின் பின்பெட்டியை நாம் 'டிக்கி' என்பதும் அப்படியே. குதிரை வண்டியில் வேலைக்காரர் உட்காரும் இருக்கைக்கும், பிறகு பழைய கார்களின் பின்னால் மடக்கித் திறக்கும் இருக்கைக்கும் பிரிட்டனில் அந்தப் பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் கொஞ்சமாகக் குடிப்பதை 'டிஃப்' என்பார்கள். அதிலிருந்து வந்த 'டிஃபின்' அங்கே மங்கிவிட்டது, இங்கே இட்லியோடும் பொங்கலோடும் செழிக்கிறது. இந்திய அலுவலகக் கடிதங்களின் 'டு தி நீட்ஃபுல்' பழைய பிரிட்டிஷ் கடித நடை. நம் மனுக்களில் எழுதும் 'ஆவன செய்யுமாறு' என்பதற்கு நேரான தொடர். இளைய பிரிட்டிஷ்காரர்கள் அதை இந்திய ஆங்கிலம் என்றே நினைக்கிறார்கள்.

இவற்றைப் பேச விரும்புகிறவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 'ஃபார்ட்நைட்', 'ப்ராலி', 'யூஸ் யுவர் லோஃப்', 'பாப்ஸ் யுவர் அங்கிள்' ஆகியவற்றைப் பிரிட்டனில் இன்றும் தயங்காமல் சொல்லலாம். 'ஸ்பெண்ட் எ பென்னி'யை வயதானவர்களிடம் சொன்னால் முகம் மலரும். 'டூடில் பிப்' (போய்வருகிறேன்), 'டாப் ஹோல்' (பிரமாதம்) போன்றவை பேச்சில் நாடகமாகத் தொனிக்கும்; அவற்றைப் படித்து மகிழ்வதோடு விட்டுவிடலாம். எதுகைக் கொச்சையை லண்டன் உச்சரிப்பு இல்லாமல் அடுக்கினால் ஒட்டாது, ஒன்றிரண்டு போதும். அமெரிக்கரிடம் 'ஃபார்ட்நைட்' என்றால் பலருக்குப் பிடிபடாது, 'இரண்டு வாரம்' என்றே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் கார் பஞ்சரானால் ஸ்டெப்னி கேட்காதீர்கள். 'ஸ்பேர் வீல்' என்று கேளுங்கள்.